நிலத்துக்காக யார் நீதிமன்றப் படியேறலாம்? அமெரிக்க நில அறக்கட்டளைகளின் தரச்சான்றும் சட்ட நிலையும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது ஒரு வைப்புத்தொகையின் வட்டியில் நடப்பது. பணம் கொடுத்தவர் ஒருவர், அதைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் வேறு, பயன்பெறுவோர் இன்னும் வேறு. கொடுத்தவர் காலமான பிறகு நிறுவனம் அந்த வட்டியை வேறொரு செலவுக்குத் திருப்பிக்கொண்டால் தட்டிக்கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? பத்தாயிரம் ரூபாய் வைப்புத்தொகையில் இந்தக் கேள்வி பெரிதாகத் தெரியாது. கோடிக்கணக்கான ஏக்கர் காட்டுக்கும் மேய்ச்சல் வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் இதே கேள்வி எழும்போது அதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் நில அறக்கட்டளைகள் என்ற தனியார் தொண்டு நிறுவனங்கள், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 6.1 கோடி ஏக்கர் நிலத்தைப் பாதுகாத்திருக்கின்றன. சில நிலங்களை அவை விலைகொடுத்து வாங்கின. சிலவற்றை அரசுக்கோ பிற அமைப்புகளுக்கோ வாங்கித் தந்தன. மற்றவை உரிமையாளர் கையிலேயே இருக்க, அவற்றின் பயன்பாட்டை மட்டும் பத்திரத்தால் கட்டுப்படுத்தின. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 3.2 கோடி ஏக்கர்தான் என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும். இவ்வளவு நிலத்துக்கும் கொடுக்கப்பட்டுள்ள வாக்குறுதி, இது என்றென்றைக்கும் இப்படியே இருக்கும் என்பது. அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற அமெரிக்கர்கள் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார்கள். ஒன்று அறக்கட்டளைகளுக்கு வழங்கப்படும் தரச்சான்று, மற்றொன்று வழக்குத் தொடுக்கும் உரிமை. முதலாவதில் காட்டிய அக்கறையை இரண்டாவதில் காட்டவில்லை என்பதும், முதலாவது எவ்வளவு செம்மைப்பட்டாலும் இரண்டாவதின் இடத்தை நிரப்பாது என்பதும் என் வாதம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாஸ்டனைச் சேர்ந்த நிலவடிவமைப்பாளர் சார்லஸ் எலியட், நூலகம் புத்தகங்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் பொதுமக்களுக்காக வைத்திருப்பதுபோல, அழகும் அமைதியும் நிறைந்த நிலங்களை வைத்திருக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1890இல் எழுதினார். மறு ஆண்டே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அத்தகைய அமைப்பு ஒன்றைச் சட்டத்தின் வழியாக உருவாக்கியது. நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கவும் அதற்கு வரிவிலக்குப் பெறவும் அதற்கு அதிகாரம் கிடைத்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு இங்கிலாந்தில் 1895இல் நேஷனல் டிரஸ்ட் தோன்றியது. ஆனால் ஆங்கிலேயர்கள் அதோடு நிற்கவில்லை. 1907இல் தனிச்சட்டம் இயற்றி, அந்த டிரஸ்ட் தன் நிலங்களைப் பிறருக்குக் கைமாற்ற முடியாதவை என்று அறிவிக்கலாம் என்றும், அப்படி அறிவித்தபின் அதுவே நினைத்தாலும் விற்க முடியாது என்றும் விதித்தார்கள். அங்கே நிரந்தரத்தைத் தாங்கி நிற்பது நாடாளுமன்றச் சட்டம். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய, பெரிய அறக்கட்டளைகள் தனித்தனியாக முளைத்தன. அவற்றில் பலவற்றுக்குச் சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர்கூடக் கிடையாது. அவை எல்லாவற்றின் வாக்குறுதியையும் தாங்க அப்படி ஒரே சட்டம் இல்லை. மாநிலத்துக்கு ஒரு சட்டமும், அதன்மேல் ஒன்றிய அரசின் வரிச்சட்டமும் இருக்கின்றன.

இந்த அறக்கட்டளைகளின் முதன்மைக் கருவியை விளங்கிக்கொள்ளாமல் மேலே செல்ல முடியாது. நம் பத்திரங்களில் ஈஸ்மென்ட் என்றும் சட்டத் தமிழில் வசதியுரிமை என்றும் சொல்கிறோமே, அதன் ஒரு வகையான காப்பு வசதியுரிமை அது. என் வயலுக்குப் போக உங்கள் வயல் வரப்பில் நடக்கும் பாத்தியம் எனக்கு இருந்தால் அது வசதியுரிமை. அதில் எப்போதும் இரண்டு நிலங்கள் உண்டு, ஒன்று அனுபவிக்கும் நிலம், மற்றது விட்டுக்கொடுக்கும் நிலம். காப்பு வசதியுரிமையில் விட்டுக்கொடுக்கும் நிலம் மட்டுமே இருக்கிறது. பண்ணை உரிமையாளர் தன் நிலத்தை மனைகளாகப் பிரிப்பதில்லை, மரங்களை மொத்தமாக வெட்டுவதில்லை, ஓடைக்கரையில் கட்டடம் எழுப்புவதில்லை என்று அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். நிலம் அவருடையதாகவே இருக்கும். அவர் உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். கட்டுப்பாடு நிலத்தோடு போகும், வாங்கியவரையும் கட்டும். ஆங்கிலேய வழக்குச் சட்ட மரபுக்கு இது பிடிக்காத சங்கதி. அனுபவிக்கும் நிலம் இல்லாத வசதியுரிமையை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்த்துவந்தன. அந்தத் தடையை நீக்கச் சட்டம் தேவைப்பட்டது. 1981இல் மாநிலங்கள் பின்பற்றுவதற்கென ஒரு மாதிரிச் சட்டம் வெளிவந்தது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இத்தகைய சட்டம் இருக்கிறது. வடக்கு டகோட்டா மட்டும் இத்தகைய கட்டுப்பாடு 99 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்று பிடிவாதமாக நிற்கிறது. அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அந்த மாதிரிச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. வசதியுரிமையை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு, அரசு அமைப்பு அல்லது நிலப் பாதுகாப்பைத் தன் நோக்கங்களில் ஒன்றாகக் கொண்ட தொண்டு நிறுவனம் என்று அது விடைசொல்கிறது. நோக்கம் இருந்தால் போதும். பணம் உண்டா, ஆள் உண்டா, ஆண்டுக்கு ஒருமுறை நிலத்தைச் சுற்றிப் பார்க்கக் கால் உண்டா என்று அது கேட்கவில்லை. யார் வழக்குத் தொடுக்கலாம் என்பதற்கு, நில உரிமையாளர், வசதியுரிமை பெற்ற நிறுவனம், பத்திரத்திலேயே பெயர் குறிக்கப்பட்ட மூன்றாம் தரப்பு, வேறு சட்டம் அனுமதிக்கும் பிறர் என்று நாலு பேரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. முதலாமவர் கட்டுப்பாட்டால் இழப்பவர், அவர் அதை மீறுவாரே தவிர மீறலுக்கு எதிராக வழக்குப் போட மாட்டார். மூன்றாம் தரப்பு என்று யார் பெயரும் குறிக்கப்படாத பத்திரங்கள் ஏராளம். ஆக, நடைமுறையில் எஞ்சுவது அறக்கட்டளையும், பொது அறங்களுக்கெல்லாம் காவலர் என்று மரபாகக் கருதப்படும் மாநில அட்டர்னி ஜெனரலும்தான். அறக்கட்டளையே தவறு செய்தால்? அட்டர்னி ஜெனரலுக்கு நேரமோ விருப்பமோ இல்லாவிட்டால்?

வரிச்சட்டம் இந்த ஓட்டையைப் பாதி அடைத்தது, பாதி பெரிதாக்கியது. 1976இலும் 1980இலும் இயற்றப்பட்ட திருத்தங்களால், நிரந்தரமாக வசதியுரிமை எழுதிக் கொடுப்பவர் நிலத்தின் மதிப்பில் ஏற்படும் குறைவைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. 1986ஆம் ஆண்டின் விதிகள், பெறும் நிறுவனத்துக்கு நிலத்தைக் காக்கும் உறுதியும் கட்டுப்பாட்டை அமல்படுத்தும் வசதியும் இருக்க வேண்டும் என்றன. நல்ல விதிதான். ஆனால் அதே விதி, இதற்காக நிறுவனம் தனியே நிதி ஒதுக்கிவைக்கத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது! வசதி வேண்டும், ஆனால் அதைக் காட்ட வேண்டியதில்லை. இப்படி எழுதப்பட்ட விதியின் நிழலில் நல்லவர்கள் நன்றாகவும் மற்றவர்கள் வேறு விதமாகவும் வளர்ந்தார்கள்.

சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது 2003இல். நாட்டின் மிகப்பெரிய நிலப் பாதுகாப்பு நிறுவனமான நேச்சர் கன்சர்வன்சி, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிலங்களைத் தன்னோடு தொடர்புடையவர்களுக்கே குறைந்த விலைக்கு விற்றதை வாஷிங்டன் போஸ்ட் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டது. செனட்டின் நிதிக்குழு விசாரித்து 2005இல் அறிக்கை தந்தது. நிறுவனம் தன் நடைமுறைகளை மாற்றிக்கொண்டது. ஆனால் அச்சம் ஒரு நிறுவனத்தோடு முடியவில்லை. வரிச்சலுகையையே நாடாளுமன்றம் பறித்துவிடுமோ என்று துறை முழுவதும் கலங்கியது. இந்த அறக்கட்டளைகளின் கூட்டமைப்பான லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸ் 1982இலேயே தோன்றியிருந்தது, 1989இல் நடத்தை நெறிகளையும் வெளியிட்டிருந்தது. நெறிகளை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டால் போதும் என்றிருந்த நிலையை மாற்றி, 2006இல் தரச்சான்று வழங்கும் ஆணையத்தை அது நிறுவியது. முதல் சான்றுகள் 2008இல் வழங்கப்பட்டன. இன்று 450க்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் சான்று பெற்றவை. எண்ணிக்கையில் அது பாதிக்கும் குறைவு என்றாலும், பெரும்பகுதி நிலம் அவற்றின் பொறுப்பில்தான் இருக்கிறது.

இந்தத் தரச்சான்று வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தரச்சான்றுக் குழு வருவதற்கு முந்தைய வாரம் கல்லூரிச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதைக் கண்ட நமக்குச் சான்றிதழ் என்றாலே ஓர் ஏளனம் வருவது இயல்பு. இங்கே கேட்கப்படுபவை வெள்ளையடித்துக் காட்டக்கூடியவை அல்ல. ஒவ்வொரு வசதியுரிமைக்கும், அது எழுதப்பட்ட நாளில் நிலம் எப்படி இருந்தது என்பதைப் படங்களோடும் வரைபடங்களோடும் பதிவுசெய்த அடிப்படை ஆவணம் வேண்டும். அது இல்லாமல், பத்தாண்டு கழித்து ஒருவர் ஓடையை நிரப்பிவிட்டு, இங்கே ஓடையே இருந்ததில்லை என்றால் மறுக்க ஆதாரம் கிடையாது. ஒவ்வொரு நிலத்தையும் ஆண்டுதோறும் பார்வையிட்டு எழுத்தில் வைக்க வேண்டும். பராமரிப்புக்கும் வழக்குச் செலவுக்கும் தனி நிதி வேண்டும், அரசு விதி வேண்டாம் என்று விட்ட அதே நிதி. நிர்வாகக் குழு உறுப்பினரோ அவர் உறவினரோ சம்பந்தப்பட்ட பரிவர்த்தனைக்கு எழுதிவைத்த நெறிமுறை வேண்டும். விண்ணப்பம் வந்ததும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அறக்கட்டளை தனக்குப் பிடித்த கோப்புகளைக் காட்டிவிட்டுத் தப்ப முடியாதபடி, எந்தெந்தக் கோப்புகள் வேண்டும் என்பதை ஆணையமே தேர்ந்தெடுக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி காட்ட வேண்டும். இதோடு, அறக்கட்டளைகள் தாமே சேர்ந்து டெர்ராஃபர்மா என்ற காப்பீட்டு நிறுவனத்தையும் அமைத்து, 2013 முதல் வழக்குச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. பணம் உள்ள மீறுபவர் பணமில்லாத அறக்கட்டளையைக் களைப்படைய வைத்து வெல்லும் உத்திக்கு இது நல்ல மாற்று.

அப்படியானால் குறை எங்கே? மிகக் கடுமையான சோதனை வந்தபோது தரச்சான்று அதைத் தடுக்கவில்லை. முதலீட்டாளர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து நிலம் ஒன்றில் பங்கு வாங்குவார்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த நிலத்துக்கு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு மதிப்புச் சொல்வார். உடனே வசதியுரிமை எழுதிக் கொடுக்கப்படும். போட்ட பணத்தைவிடப் பல மடங்கு வரிக்கழிவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். இத்தகைய கூட்டுப் பேரங்களால் கோரப்பட்ட வரிக்கழிவு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. போட்ட தொகைக்கு 2.5 மடங்கோ அதற்கு மேலோ கழிவு தருவதாக ஆசைகாட்டும் பேரங்கள் கண்காணிப்புக்கு உரியவை என்று வரித்துறை 2016 டிசம்பரில் அறிவித்தது. கூட்டமைப்பு இதை வெளிப்படையாக எதிர்த்தது. பிரச்சினை அதுவல்ல. சான்று பெற விரும்பாத அமைப்பைச் சான்று தீண்டுவதில்லை. வசதியுரிமையைப் பெற்றுக்கொள்ளத் தொண்டு நிறுவனம் என்ற பெயர் போதும் எனும்போது, தேர்வுக்கு வராதவனைத் தேர்வு எப்படித் தோற்கடிக்கும்? கடைசியில் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்தான், பங்குதாரர்களின் அடக்கவிலைக்கு 2.5 மடங்கைத் தாண்டினால் கழிவே கிடையாது என்று கதவை அடைத்தது. நல்லவர்கள் கூடி வகுத்த நெறி நல்லவர்களைக் கட்டியது, மற்றவர்களைக் கட்டச் சட்டம்தான் தேவைப்பட்டது.

இதற்கு விடையாக, தரச்சான்றைக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கொலராடோ ஏறக்குறைய அதைச் செய்துபார்த்தது. அங்கே 2000இலிருந்து, வசதியுரிமை எழுதிக் கொடுப்பவருக்குப் பிறரிடம் விற்கக்கூடிய வரிச்சலுகை கிடைத்தது. பணமாக மாற்றக்கூடிய சலுகை என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. 2008இல் மாநிலம், தான் சான்றளிக்கும் அமைப்புகள் பெறும் வசதியுரிமைக்கு மட்டுமே சலுகை என்று விதித்தது. புதிய முறைகேடுகள் குறைந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றில் நூற்றுக்கணக்கானவற்றின் சலுகையை வருவாய்த்துறை மறுத்தபோது, நிலம் கொடுத்தவர்கள் சலுகையையும் இழந்து, கட்டுப்பாட்டையும் சுமந்து ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. கட்டாயச் சான்று வாசலில் நிற்கும் காவல். உள்ளே நுழைபவரைச் சரிபார்க்கும், நுழைந்து இருபது ஆண்டு கழித்து நடப்பதைப் பார்க்காது. நிரந்தரம் என்ற வாக்குறுதிக்கு ஆபத்து பெரும்பாலும் அந்த இருபதாம் ஆண்டில்தான் வருகிறது. நிலம் கைமாறி, கொடுத்தவரை அறியாத புது உரிமையாளர் வந்து, ஒரு சின்ன மாற்றம்தானே என்று கேட்கும் நேரம் அது.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு மூன்று வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். வயோமிங் மாநிலத்தின் ஜான்சன் கவுன்ட்டியில் 1,043 ஏக்கர் பண்ணை ஒன்றின்மேல் 1993இல் எழுதப்பட்ட வசதியுரிமை கவுன்ட்டி நிர்வாகத்திடம் இருந்தது. 1999இல் பண்ணையை வாங்கிய புதிய உரிமையாளர்கள், நிலத்தடியில் மீத்தேன் எடுக்கப்படவிருப்பதைக் காரணம் காட்டிக் கட்டுப்பாட்டை நீக்கக் கேட்டார்கள். 2002இல் நிர்வாகம் அதை அவர்களுக்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டது. என்றென்றைக்கும் என்பது ஒன்பது ஆண்டில் முடிந்தது. ஊர்க்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மாநில உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்ன விடை, பொது அறத்தைக் காக்க வழக்காடும் தகுதி சாதாரணக் குடிமகனுக்கு இல்லை, அது அட்டர்னி ஜெனரலுக்கே உரியது என்பது. அந்த அட்டர்னி ஜெனரலோ தொடக்கத்தில் ஒதுங்கியிருந்தார். ஊர்க்காரர்தான் வழக்கு நடத்துகிறாரே என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நடத்துகிறவருக்குத் தகுதியில்லை, தகுதியுள்ளவர் நடத்தவில்லை! நீதிமன்றம் அட்டர்னி ஜெனரலைத் தன் நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்யச் சொன்ன பிறகே அவர் வழக்குத் தொடுத்தார், அது சமரசத்தில் முடிந்தது.

இதற்கு எதிர்முனையில் இலினாய். அந்த மாநிலச் சட்டம், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிலத்திலிருந்து 500 அடிக்குள் நிலம் வைத்திருப்பவர் எவரும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. சிகாகோவுக்கு வடக்கே லேக் ஃபாரஸ்ட் என்ற ஊரில், பழைய மாளிகை ஒன்றைச் சுற்றிய நிலத்தின்மேல் கட்டுப்பாடு இருந்தது. புதிய உரிமையாளர்கள் வண்டி திரும்பும் பாதையை மாற்றிப் போட, உள்ளூர் நில அறக்கட்டளையே பத்திரத்தைத் திருத்திக் கொடுத்தது. அந்த அறக்கட்டளை நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கும், அண்டை அயலாரோடு இணக்கமாகப் போவது சிறிய அமைப்புகளின் இயல்பு. பக்கத்து வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தார். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பத்திரத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் தடைக்கு முரணாகத் திருத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. டென்னசியில் சட்டம் இன்னும் விரிவானது, பயனாளிகள் வழக்காடலாம் என்கிறது. சட்டனூகாவில் ஓடைக்கரை ஒன்றின்மேல் இருந்த கட்டுப்பாட்டை வணிக வளாகக் கட்டுமானம் மீறுவதாகச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தபோது, மாநில மக்கள் அனைவருமே பயனாளிகள்தான் என்று 2004இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மூன்றிலும் வசதியுரிமையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. சட்டம் யாரைப் படியேற விட்டது என்பதில்தான் வேறுபாடு. அதுவே விளைவைத் தீர்மானித்தது.

இங்கே மறுப்புகள் வரும், அவற்றில் வலுவானவை உண்டு. யாரும் வழக்குத் தொடுக்கலாம் என்றால் பொறாமைக்கார அண்டை வீட்டார் ஒவ்வொரு வேலிக்கும் வழக்குப் போடுவார்கள், அறக்கட்டளைகளின் பணம் வக்கீல்களுக்குப் போகும், நிலம் கொடுப்பவர்கள் பயந்து விலகுவார்கள் என்பது முதல் மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அறக்கட்டளைகளை நேர்மையாக நடத்துபவர்களே என்பதால் எளிதாகத் தள்ள முடியாது. இலினாய் சட்டம் 1970களிலிருந்து இருக்கிறது, அங்கே நில அறக்கட்டளைகள் அழிந்துபோகவில்லை என்பது ஒரு விடை. அதைவிடச் சிறந்த விடை நம் கையிலேயே இருக்கிறது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொது அறம் ஒன்றில் நம்பிக்கைத் துரோகம் நடந்தால், அதில் அக்கறையுள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. 1976 திருத்தத்துக்கு முன் அதற்கு அட்வகேட் ஜெனரலின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டியிருந்தது. அதை நீக்கி, அனுமதி தரும் வேலையை நீதிமன்றத்திடமே ஒப்படைத்தார்கள். வீம்பு வழக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், நியாயமான வழக்கை அரசு வக்கீலின் மௌனம் கொல்லாது. வயோமிங் ஊர்க்காரருக்கு இந்த ஒரு பிரிவு இருந்திருந்தால் நாலைந்து ஆண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அறச்சொத்து வழக்குகளில் இந்தப் பிரிவைப் பற்றி நாம் ஆயிரம் குறை சொல்வோம், வழக்குகள் இழுத்தடிக்கப்படுவது உண்மையும்கூட. அது நீதிமன்றத் தாமதத்தின் குறை, யார் கேட்கலாம் என்ற கேள்விக்குத் தந்த விடையின் குறையல்ல.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. இறந்துபோனவர் ஒருவர் பிறக்காதவர்களின் நிலத்தை என்றென்றைக்கும் கட்டிவைக்கலாமா? பருவநிலை மாறி, காக்க வேண்டிய பறவை வேறிடம் போய்விட்டால், வறண்ட சதுப்பு நிலத்தைக் காப்பதில் யாருக்கு என்ன? வடக்கு டகோட்டா 99 ஆண்டோடு நிறுத்துவதன் பின்னால் இருக்கும் கவலை இதுதான். இதில் நியாயம் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் கெடுக்கவில்லை, பலப்படுத்துகிறது. மாற்றம் தேவைப்படும் நாள் வரும் என்றால், அந்த மாற்றத்தை இருவர் மூடிய அறையில் கையெழுத்திட்டு முடிக்கலாமா, திறந்த நீதிமன்றத்தில் முடிக்க வேண்டுமா என்பதே கேள்வி. மெய்ன் மாநிலம் 2007இல் செய்த சீர்திருத்தம் இதற்கு வழிகாட்டுகிறது. காப்பு மதிப்பைக் கணிசமாகக் குறைக்கும் திருத்தமோ நீக்கமோ நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் செல்லாது. அந்த வழக்கில் அட்டர்னி ஜெனரலைக் கட்டாயம் தரப்பினராகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வசதியுரிமையும் மாநிலப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது நிலத்தைப் பார்வையிட வேண்டும். வைத்திருக்கும் அமைப்பு கலைந்துபோனாலோ, கேட்டும் செயல்படாவிட்டாலோ, அட்டர்னி ஜெனரலே அமல்படுத்தலாம். ஆண்டுக்கு ஒரு பார்வை என்ற தரச்சான்று நெறியைவிட மூன்றாண்டு என்பது தளர்வானதுதான். ஆனால் இது சான்று பெற்றவரையும் பெறாதவரையும் ஒன்றுபோலக் கட்டுகிறது. ஒரே குறை, குடிமகனுக்கு மட்டும் அங்கேயும் கதவு திறக்கவில்லை.

வைத்திருப்பவர் வேறு, காவல் வேறு என்பது நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடுகளோ நிலமோ கொடுக்கப்படும்போது, பெறுபவர் ஒருவர், எரிப்பவர் ஒருவர் என்று எழுதிவிட்டு, கடைசியில் இது பன்மாகேசுவர ரட்சை என்று முடிப்பார்கள். அதாவது அறத்தின் காவல், பெற்றுக்கொண்டவரிடம் இல்லாமல், சிவனடியார் கூட்டத்திடம் விடப்பட்டது. அந்தக் காவல் நடைமுறையில் எவ்வளவு பலித்தது என்பது வேறு ஆராய்ச்சி, அழிந்துபோன அறங்களின் பட்டியலும் நீளமானதே. ஆனால் அமெரிக்க மாதிரிச் சட்டத்தை எழுதிய வல்லுநர்கள் விருப்பத்துக்கு விட்ட, மூன்றாம் தரப்பைக் குறிக்கும் ஒரு வரியை, அந்தக் கல்வெட்டுகளை எழுதியவர்கள் வழக்கமான வாசகமாக வைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் இத்தகைய காப்பு வசதியுரிமையை இன்றைய சட்டத்தின்படி எழுத முடியாது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், முதலில் சென்னை மாகாணத்துக்கும் மத்திய மாகாணங்களுக்கும் குடகுக்கும் மட்டுமே பொருந்துவதாக வந்தது. அதன் 4ஆம் பிரிவு, வசதியுரிமை என்றால் வேறொரு நிலத்தின் நன்மைக்காக அனுபவிக்கப்படுவது என்றே வரையறுக்கிறது. அனுபவிக்கும் நிலம் இல்லாத கட்டுப்பாட்டுக்கு அதில் இடமில்லை. என்றாவது இந்தத் தடையை நீக்கும் சட்டம் இங்கே வரலாம், நிலத்தை விற்காமலே காக்க விரும்பும் உரிமையாளர்கள் பெருகும்போது அந்தக் கோரிக்கையும் எழும். அப்போது அமெரிக்காவைப் பார்த்து முதலில் எடுத்துக்கொள்ளப்படுவது தரச்சான்றாகத்தான் இருக்கும் என்று அஞ்சுகிறேன். அது பார்க்க அழகானது, குழு அமைக்கலாம், மதிப்பெண் போடலாம், சுவரில் மாட்டலாம். அதையும் எடுத்துக்கொள்வோம், அடிப்படை ஆவணமும் ஆண்டுப் பார்வையும் வழக்கு நிதியும் இல்லாத காவல் கையில் கோலில்லாத காவல்தான். ஆனால் அதை விதிகளில் வைத்துவிட்டு, சட்டத்தின் முகப்பில் 92ஆம் பிரிவைப் போன்ற ஒன்றை எழுத வேண்டும். திருத்தத்துக்கும் நீக்கத்துக்கும் நீதிமன்ற ஒப்புதல், முன்கூட்டிய பொது அறிவிப்பு, அக்கறையுள்ள இருவருக்கு வழக்காடும் உரிமை, இவை அங்கே இருக்க வேண்டும்.

செலவு பற்றிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. நிலத்துக்காக வழக்காடி வெல்லும் குடிமகனுக்கு நிலமும் கிடையாது, இழப்பீடும் கிடையாது. வக்கீல் கட்டணம் மட்டும் அவர் தலையில். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தும் செலவைத் தனியொருவர்மேல் சுமத்தினால் படியேறுபவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு அறக்கட்டளையும் வழக்குக்கென நிதி வைத்திருக்க வேண்டும் என்று தரச்சான்று கேட்கிறதல்லவா, அந்த நிதி இப்போது அறக்கட்டளை தொடுக்கும் வழக்குகளுக்கு மட்டுமே ஆகிறது. அறக்கட்டளை செய்யத் தவறியதை வேறொருவர் செய்து வென்றால், அவருடைய செலவை அதே நிதியிலிருந்து கொடுக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க முடியும்.